நிழலில் எடுத்து வைத்த குடங்கள்

1

எங்கள் நகராட்சி எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறது. நெதர்லாந்தில் இது பெரிய விஷயமில்லை. குப்பைத் தொட்டியை அரை அடி தள்ளி வைத்தாலும் கடிதம் வரும், மரத்தின் கிளை நடைபாதைப் பக்கம் நீண்டாலும் கடிதம் வரும். இந்தத் தடவை தண்ணீரைப் பற்றி. பல வாரமாக மழை இல்லை, புல்வெளிக்குத் தண்ணீர் விடாதீர்கள், குளியலை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள், அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களை அவ்வப்போது எட்டிப் பாருங்கள். கீழே மேயர் அம்மாவின் கையெழுத்து.

வெளியே முப்பத்திரண்டு டிகிரி. அதற்கே ஊர் படுத்துவிட்டது. பகல் முழுக்க எல்லா வீட்டிலும் திரைச்சீலையை இழுத்து மூடி வைத்திருக்கிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் வெயில் கால விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் ஏதாவது குடிக்கக் கொடுத்து, எவ்வளவு குடித்தார்கள் என்று தாளில் குறிக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக நான் பார்க்கும் வேலை இது. குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கிழவர்களை வழிக்குக் கொண்டுவர என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, ஜாஸ்தியாகவே இருந்தது.

கடலூர்க்காரிக்கு முப்பத்திரண்டு ஒரு வெயிலா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் போன மே மாதம் வரை அப்படித்தான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். "எங்கள் ஊருக்கு வந்தால் நீங்கள் எல்லாம் வதங்கிப் போவீர்கள்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லாத கோடை இல்லை. வெயிலை ஏதோ நானே பாடுபட்டு வளர்த்த மாதிரி.

கடிதத்தில் அந்தக் கடைசி வரியைப் படித்தபோது செல்வியின் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் மானம் போகும் என்று தெரியும். போகட்டும்.

2

என் தங்கை அமுதா சிதம்பரத்தில் இருக்கிறாள், ஊர் முடிகிற பக்கத்தில் ஒரு குறுகலான தெருவில். அவள் கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். அவளுக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. மே மாதம் அட்மிஷன் நேரம் என்பதால் லீவே கிடையாது. எங்கள் அப்பா அவளோடுதான் இருக்கிறார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் வேலை செய்யாது, பேச்சு கொஞ்சம் குழறும், எதையும் மெதுவாகத்தான் விழுங்க முடியும். அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

அமுதா ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். நடுவில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது எதிர்வீட்டுச் செல்வி. சம்பளத்துக்கு இல்லை. செல்வியின் கணவர் கொத்தனார். அவருக்கு ஆஸ்பத்திரி, அவர்கள் சின்னப் பெண்ணுக்குக் காலேஜ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எது வந்தாலும் ஃபாரம் நிரப்பி, கூட அலைந்து முடித்துக் கொடுப்பது அமுதா. இப்படியே இரண்டு வீடும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. செல்வி பதினோரு மணிக்கு வந்து அப்பாவுக்கு மோர் கொடுத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, மறுபடி மூன்று மணிக்கு வந்து பார்ப்பாள். அப்பாவை "மாமா" என்று கூப்பிடுவாள். என்னை வந்த முதல் நாளே "அக்கா, சாப்டியா?" என்று ஒருமையில் கேட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நான் போயிருந்தது ஒரு காகிதத்துக்காக. இங்கே குடியுரிமைக்கு மனு போட, பெயர் எழுதிய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் கடலூரில் பிறந்தபோது பதிந்த பதிவில் "பெண்" என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. அதைச் சரிசெய்யப் பன்னிரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு, அக்னி நட்சத்திரத்தில் போய் இறங்கினேன்.

போன மழைக்காலம் ஏமாற்றிவிட்டிருந்தது. அமுதாவின் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போர் போட்ட வீடுகளில் உப்புத் தண்ணீர். குளித்தால் தலைமுடி சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும், வாயில் வைக்க முடியாது. குடிக்க, சமைக்க எல்லாம் லாரித் தண்ணீர்தான். நாலு நாளைக்கு ஒரு தடவை வரும். வீட்டுக்கு ஆறு குடம், தொட்டியில் இருக்கும் வரைக்கும். கடைசியில் இருக்கிற வீடுகளுக்குக் கிடைத்தால் உண்டு.

இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். நான் வளர்ந்தது கடலூர் முதுநகரில், சொந்தக் கிணறு இருந்த வீட்டில். மோட்டாரைப் போட்டால் மேல்தொட்டி நிறையும். தண்ணீருக்குக் குடம் எடுத்துக்கொண்டு தெருவில் நின்றதே இல்லை. அதை இங்கே ஒரு சாக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

3

நான் போன நாலாவது நாள் காலையில் கடலூருக்குப் போக வாடகைக் கார் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் போகலாம் என்றாள் அமுதா. அந்த வெயிலில் என்னால் முடியாது என்றேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு டிரைவர் போன் செய்தார்.

"மேடம், தெரு முனையில நிக்கிறேன். வண்டி உள்ள வராது, குடமா வெச்சிருக்காங்க. நடந்து வந்துடுங்களேன்."

எட்டிப் பார்த்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பத்து மணிக்கே வெயில் அப்படி. எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. தெருவின் நடுவே பச்சை, நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வளைந்து வளைந்து முனை வரை போயின. பக்கத்தில் ஒருவரும் இல்லை. தெரு முனைக்கு அறுபது எழுபது அடி இருக்கும். அந்த எழுபது அடியை வெயிலில் நடக்க எனக்கு மனசு வரவில்லை. இதுதான் உண்மை. மற்றதெல்லாம் நான் பிறகு சொல்லிப் பார்த்த காரணங்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி எல்லாக் குடத்தையும் எடுத்தேன். கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் தெருக்கோடியில் புங்க மர நிழலில் வைத்தேன். இப்படி நடந்தது எழுபது அடியைவிட அதிகம் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை. அதையும் சும்மா வைக்கவில்லை. பச்சையெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம் என்று நிறம் பிரித்து, இரண்டு வரிசையாக அடுக்கினேன். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் இளகிப்போகுமே, நிழலில் இருந்தால் நல்லதுதானே என்று ஒரு சமூக சேவை நினைப்பு வேறு.

டிரைவர் கார் கண்ணாடியை இறக்கி, "மேடம், யாரையாவது கேட்டுட்டு..." என்று இழுத்தார். "பரவால்லப்பா, வாங்க" என்றேன். அடுக்கிய அழகை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக் குரூப்பில் போட்டேன். பத்தொன்பது வயது மகள் நிலா நெதர்லாந்திலிருந்து ஒரு இதயம் அனுப்பினாள்.

கடலூர் ஆபீசில் வேலை சுமுகமாகவே நடந்தது. அங்கே இருந்த அம்மா பழைய பதிவேட்டைப் பிரித்து, என் வரியில் விரலை வைத்து, "அம்பது வருஷமா பேரு வெக்காமயே இருந்துட்டீங்களே" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டிலை நீட்டி, "மொதல்ல தண்ணி குடிங்க. ஸ்கூல் சர்ட்டிபிகேட் காப்பி குடுத்துட்டுப் போங்க, போட்டுடலாம்" என்றார். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் "டாங்க் யூ வெல்" என்று டச்சு வந்து விழுந்தது. அவர் அதற்கும் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது கார் ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும், அமுதா போன் செய்தாள். வணக்கம், நலம் எதுவும் இல்லை.

"குடத்த நீயா எடுத்த?"

4

நடந்தது இதுதான். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலும் வரும், பொழுது சாய்ந்தும் வரும். அதற்காக நாள் முழுக்க வெயிலில் நிற்க முடியுமா? அதனால் விடியும்போதே குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அதை ஒருவரும் தொட மாட்டார்கள். மாடுகூட மோதாது என்பாள் அமுதா.

அன்றைக்கு முதல் குடம் செல்வியுடையது. பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மூத்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, தண்ணீர் ஜாஸ்தி வேண்டும் என்று விடியும் முன்பே வந்து வைத்திருந்தாள்.

லாரி பதினொன்றரைக்கு வந்துவிட்டது. ஓடிவந்த பெண்கள் பார்த்தால் வரிசை இல்லை. குடம் யாருடையது என்று தெரிகிறது, கழுத்தில் கட்டிய துணியும் பெயிண்டில் போட்ட கோடும் இருக்கிறது. இடம் யாருடையது என்று எப்படித் தெரியும்? நிறம் பிரித்து அடுக்கிய மகராசி யார் என்று கேட்டுக்கொண்டே ஆளாளுக்குப் பாய்ந்திருக்கிறார்கள். கை பலம் உள்ளவர்கள் பிடித்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள்.

அந்த நேரத்தில் செல்வி எங்கே இருந்தாள்? எங்கள் வீட்டில். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் குனிந்தபடி தெருவைக் கடந்தவள் வரிசை இல்லாததைக் கவனிக்கவில்லை. எங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். லாரிச் சத்தம் கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. பாதியில் விட்டால் அப்பாவுக்குப் புரையேறும். அதோடு, முதல் குடம் அவளுடையதாயிற்றே, எங்கே போய்விடப் போகிறது? நிதானமாகக் குடிக்க வைத்து, வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்திருக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு குடம்.

நான் காரை விட்டு இறங்கியதும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "சாரி செல்வி, எனக்குத் தெரியாம..." என்றேன். இங்கே ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சாரி சொல்கிறோம், கதவு இடித்தால் கதவுக்கே சொல்கிறோம். அந்தச் சாரிதான் என்னிடம் இருந்தது.

"பரவால்லங்க," என்றாள் செல்வி. "நீங்க வெளிநாட்டுல இருக்கறவங்க. ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலையில் "நீ" என்றவள் சாயங்காலம் "நீங்க" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வீட்டில் இருந்த இரண்டு குடம் தண்ணீரை அமுதா சொல்லி எடுத்துக்கொண்டு போனேன். "வேணாங்க, இருக்குது" என்று கதவைப் பாதி மூடிக்கொண்டாள். மறுநாள் பதினோரு மணிக்கு அவள் வரவில்லை.

5

"நீயாச்சும் போய்க் கூப்பிடேன்" என்று அமுதாவிடம் கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய்க் கேக்கறது? கொழந்த இருக்கற ஊட்ல தண்ணி இல்லாம பண்ணிட்டு, எங்க அப்பாவப் பாத்துக்க வான்னு கேக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு தணிந்த குரலில், "நீ அடுத்த வாரம் பிளைட் ஏறிடுவ. நான் இங்கதான இருக்கணும்? அவுங்க இல்லன்னா நான் வேலைக்கே போவ முடியாதுக்கா. அப்பாவ யாரு பாக்கறது?" என்றாள். அவள் கோபமாக இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்து போயிருந்தாள்.

சரி, நான் இருக்கிறேனே, என் தொழிலே அதுதானே என்றேன். மூன்று நாள் அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன்.

அப்பா குடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். தலையை எந்தக் கோணத்தில் வைப்பது, ஸ்பூனை நாக்கில் எங்கே வைப்பது, எல்லாம் படித்தவள் நான். மோர், இளநீர், உப்புச்சர்க்கரைத் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய், மூன்று வாய், அப்புறம் உதட்டை இறுக்கிக்கொண்டு "வேணாம்" என்பார். நான் இவர் மகள்தானா, இல்லை டெபுடேஷனில் வந்த நர்சா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கரண்டு போய்ப் போய் வந்தது. ஃபேன் நின்ற நேரமெல்லாம் நனைத்த துண்டை மார்பில் போட்டு விசிறினேன். துண்டு காய்ந்தது, அவர் உதடும் காய்ந்து வெடித்தது.

செல்வி எப்படிக் குடிக்க வைக்கிறாள் என்று அமுதாவைக் கேட்டேன். "கத சொல்லுவாங்க" என்றாள். என்ன கதை? தெருக் கதைதான். குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பாலாடையில் மோரை ஊற்றி வைத்துக்கொண்டு, நேத்து மூணாவது ஊட்ல என்னா நடந்துச்சி தெரியுமா மாமா என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவாளாம். இவர் "அப்புறம்?" என்பார். "மொதல்ல குடி, சொல்றேன்." ஒரு வாய்க்கு ஒரு வரி. வெளியே போக முடியாத மனுஷனுக்குத் தெருவே அப்படித்தான் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

நானும் முயற்சி செய்தேன். எனக்கு அந்தத் தெருவில் யாரைத் தெரியும்? எங்கள் ஊர்க் கால்வாய், சைக்கிள், பனி, முதியோர் இல்லத்துக் கிழவர்கள் என்று சொன்னேன். அப்பா மரியாதையாகக் கேட்டார். ஒரு தடவைகூட "அப்புறம்?" என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

நிலாவிடம் வீடியோவில் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். அவள் டச்சில், "ஆனால் அம்மா, வரிசையில் ஆளே இல்லையே, அது எப்படி வரிசை ஆகும்?" என்று கேட்டாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? எழுபது அடி நடக்க முடியாத நானும் அதையேதான் நினைத்திருந்தேன். "தாத்தா தண்ணி குடிச்சாரா?" என்று தமிழில் கேட்டுவிட்டு வைத்தாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து முழு வாக்கியத்தில் அது ஒன்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஊசி போட வரும் சிஸ்டர் அப்பாவின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "நாளைக்கு மதியத்துக்குள்ள நல்லா குடிக்கலன்னா ஆஸ்பத்திரில சேத்து டிரிப்ஸ் ஏத்தணும். இந்த வயசுல இந்த வெயில்ல தள்ளிப் போடாதீங்க" என்றார். அமுதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

6

மறுநாள் லாரி வரும் நாள். விடியும்போதே போய் எங்கள் குடத்தை வைத்தேன். மூன்றாவது இடம். செல்வி வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது, அவள் வர நேரமாகிவிட்டது. வந்தபோது அவளுக்கு முன்னால் இருபது வீட்டுக் குடம் இருந்தது.

நான் போய் எங்கள் குடத்தில் கை வைத்தேன், அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போகலாம் என்று. குடத்தைத் தூக்கவே இல்லை, கை வைத்ததுதான் தாமதம், தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "அய்யய்யோ, தொடாதீங்க!" என்றார்கள். கையைச் சுடுதண்ணியில் வைத்தவள் மாதிரி எடுத்துக்கொண்டேன். ஒருத்தி சிரித்தேவிட்டாள்.

"செல்வி, என் எடத்துல நீ வெச்சிக்கோ" என்றேன்.

"அது அமுதா எடம்ங்க," என்றாள் செல்வி. "அத எடுத்து எனக்குக் குடுக்க நீங்க யாரு? வெச்சது வெச்ச எடத்துலயே இருக்கட்டும்."

சொன்னது நியாயம்.

அமுதா அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாள். ஒன்பது மணிக்கு லாரி வந்தது. எங்கள் முறை வந்தது, ஆறு குடமும் நிறைந்தது. அமுதா ஒரு குடத்தை இடுப்பில் தூக்கி, எங்கள் வீட்டைத் தாண்டி, நேராகச் செல்வி வீட்டுக்குள் போய் அவர்கள் டிரம்மில் ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. மறுபடி இன்னொன்று. வரிசையில் நின்ற செல்வி பார்த்துக்கொண்டேயிருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்றாவது குடத்துக்கு வந்த அமுதா என்னைப் பார்த்து, "நீ இன்னா வேடிக்க பாக்கற? தூக்கு" என்றாள்.

தூக்கினேன். இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் தளும்பிப் புடவையெல்லாம் நனைந்தது. அந்தத் தெருவில் அப்போது ஒரு கை தண்ணீர் சிந்துவது எப்படிப்பட்ட குற்றம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"அய்ய, சிந்தாத! இடுப்ப ஒடிச்சி வெய்யிக்கா, கையால கழுத்தப் புடி" என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல் வந்தது. செல்விதான். நான் இடுப்பை ஒடித்தேன், கழுத்தைப் பிடித்தேன், குடம் நின்றது. அவள் வீட்டு டிரம்மில் அதை ஊற்றியபோது, உள்ளே செல்வியின் மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "வாங்க பெரியம்மா" என்றாள்.

பதினோரு மணிக்கு நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமுதா ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஐந்து, பத்து. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. செல்வி என்னைக் கடந்து அடுக்களைக்குப் போய், மோரைக் கலக்கி, பாலாடையை எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "எங்க போன, மூணு நாளா?"

"பேத்திக்கு ஒடம்பு சரியில்ல மாமா," என்றாள் செல்வி. "அத விடு. நம்ம தெருவுல இன்னா கூத்து நடந்துச்சி தெரியுமா?"

"இன்னா?"

"மொதல்ல குடி."

குடித்தார்.

"லாரித் தண்ணிக்கு எல்லாரும் குடம் வெச்சிருந்தமா? யாரோ ஒரு அம்மா வந்து, அத்தினி குடத்தையும் தூக்கினு போயி புங்க மரத்துக்குக் கீழ வெச்சிட்டாங்க."

"அப்புறம்?"

"குடி."

குடித்தார்.

"பச்சையெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம். கொலுவுக்கு வெக்கற மாதிரி."

அப்பா சிரித்தார். இரண்டு வருடமாக ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற முகம் அது. மோர் மோவாயில் வழிய, செல்வி முந்தானையால் துடைத்துவிட்டாள். இன்னொரு வாய் கொடுத்தாள், அதுவும் உள்ளே போனது. அமுதா கையில் மடித்த வேட்டியோடு கதவோரம் வந்து நின்றாள்.

"எவ அவ, அறிவு கெட்டவ?" என்று கேட்டார் அப்பா.

செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. பாலாடையை மறுபடி நிரப்பி அவர் உதட்டில் வைத்தாள்.

"நம்ம தெரு இல்ல மாமா. யாரோ வெளியூரு. நீ குடி."